தோளில் கிடக்கும் துண்டு

சட்டை அணிந்த ஆணுக்குத் தோளில் துண்டும் எதற்கு என்று நண்பரொருவர் கேட்டார். வியர்வைக்குக் கைக்குட்டையும் வெயிலுக்குக் குடையும் போதுமாம். பயனை மட்டும் கணக்கிட்டால் அவர் சொல்வது சரிதான்.

ஆனால், தமிழகத்தில் துண்டு வெறும் துணியாக இருந்ததில்லை. 1930இல் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் இடுப்புக்குமேல் துணி அணியலாகாது என்பதும் அவற்றுள் அடக்கம். மேல்சாதிக்காரர் எதிர்ப்பட்டால் தோள்துண்டை அக்குளில் இடுக்க வேண்டும், அல்லது இடுப்பில் கட்ட வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம். துண்டு கிடக்கும் இடமே சாதியைச் சொல்லிற்று. பின்னாளில் திராவிட இயக்க மேடைகளில் நீண்ட துண்டு தோளேறியதன் பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும். இன்றும் பெரிய வீட்டு வாசலை நெருங்கும்போது சில முதியவர்களின் கை, அவர்களை அறியாமலே தோளுக்குப் போகிறது.

துண்டு அணிவதும் தவிர்ப்பதும் அவரவர் விருப்பம். எப்படி அணிவது என்பதில் மட்டும் எனக்கு ஒரு கருத்துண்டு. சன்னதியில் அதை இடுப்பில் கட்டுவது பக்தி. மனிதன் முன் கட்டுவது அடிமைத்தனம். எவருக்காகவும் அதைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். உங்களுக்காக எவரும் இறக்கினால், நீங்களே எடுத்து அவர் தோளில் போடுங்கள்.