லேப்டாப்புக்கு வயசாகலை, சுமைதான் ஏறியிருக்கு

"பழைய லேப்டாப் மெதுவா ஓடுதா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு." ரிப்பேர் கடைக்காரர், ஷோரூம்காரர், கம்ப்யூட்டர் படித்த பெரியப்பா பையன், யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை.

ப்ராசசருக்கு மூட்டுவலி வராது. வாங்கிய அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில் போடும். (தூசி அடைத்துச் சூடேறினால் வேகம் குறையும். அது ஒரு பிரஷ்ஷால் தீருகிற விஷயம்.) ரேமும் சுருங்குவதில்லை. மாறியது உள்ளே குடியேறியவர்களின் எண்ணிக்கைதான்.

பிரிண்டர் வாங்கினால் மை அளவு பார்க்க ஒரு புரோகிராம். பிடிஎஃப் படிக்க ஒன்றைப் போட்டால், அதற்கு அப்டேட் தேட இன்னொன்று. பிரவுசருக்கு ஒன்று, வீடியோ காலுக்கு ஒன்று. லேப்டாப் செய்த கம்பெனியும் தன் பங்குக்கு நாலைந்தை ஏற்றித்தான் அனுப்புகிறது. பெரும்பாலானவை நம்மைக் கேட்காமலே, ஆன் செய்ததும் ஓட ஆரம்பிக்கும். வாடகை தராத குடித்தனக்காரர்கள். கரண்ட் பில் மட்டும் நமக்கு!

பழைய லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் படிக்கும் முனை ஒரு சமயத்தில் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். சிதறிக் கிடப்பதைப் படிக்கச் சொன்னால், நொடிக்கு நூறு இடம் போய் வருவதே பெரிய விஷயம். ஆன்ட்டி வைரஸ், விண்டோஸ் தேடலுக்கான இண்டெக்சர், நாலு அப்டேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால்? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்பது இதனால்தான். ரேம் நிரம்பினால் அந்தச் சுமையும் இதே டிஸ்க் தலையில்தான்.

"முன்கூட்டியே ஓடினால்தானே எங்கள் சாஃப்ட்வேர் சீக்கிரம் திறக்கும்" என்பார்கள். மாதத்துக்கு இரண்டு முறை திறப்பது ஐந்து நொடி மிச்சமாக, தினமும் ஐந்து நிமிடம் நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்டப் பகுதியில் வேண்டாததை டிசேபிள் செய்யுங்கள். பிறகு எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். மிச்சம் தெரிவதில் ஆன்ட்டி வைரஸை விட்டுவிட்டு, பயன்படாததை நிறுத்துங்கள். பெயர் புரியாததில் கை வைக்காதீர்கள். 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று விற்கும் பூஸ்டர்கள் பக்கமே போகாதீர்கள், அதுவும் இன்னொரு குடித்தனம்தான். முடிந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டார்கள். டிபிஎம் 2.0 இல்லாத மெஷினுக்கு விண்டோஸ் 11-ஐ முறைப்படி தருவதில்லை. நன்றாக ஓடுகிற மெஷினையும் குப்பை என்கிறார்கள். லினக்ஸ் மின்ட் போட்டால் அதே மெஷின் ஓடும், அதுவும் இலவசமாக.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அப்படிப்பட்ட வீட்டில் போய் "புதுசு வாங்கு" என்பது யோசனை இல்லை, திமிர். கடன் வாங்கப் போகும் முன், உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். காலி செய்ய வேண்டியது அவர்களைத்தான், லேப்டாப்பை அல்ல.