360 சதுர அடி வீடு: கரிசலுக்கு ஏற்ற வரைபடம் எங்கே?

'டைனி ஹவுஸ்' என்று இணையத்தில் தேடினால், சக்கரம் வைத்த மரவீடுகளின் படங்கள் வரிசையாக வரும். கூரையில் சோலார், பக்கத்தில் மழைநீர்த் தொட்டி, பின்னால் கீரைப்பாத்தி. அமெரிக்காவில் 2018-ல் வந்த வீட்டுக் கட்டுமான விதிகளின் பின்னிணைப்பு, 400 சதுர அடிக்கு மேற்படாத வீட்டைத்தான் இந்தப் பெயரில் அழைக்கிறது. அங்கே அது ஒரு புது வாழ்க்கைமுறை.

நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டித்தரப்படும் வீடு 360 சதுர அடி. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குக் கொஞ்சம் கீழே. விளாத்திகுளம் மாதிரியான பேரூராட்சியில் ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் மனை வாங்கி வீடு கட்டுபவர்களும் ஏராளம்; ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிதான். ஆக, சின்ன வீடு நமக்குப் புதுசு இல்லை. அந்தச் சின்ன வீடு தன் காலில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பசுமை வீடு சொன்ன பாடம்

தமிழ்நாடு அரசு இதை ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. 2011-ல் அறிவிக்கப்பட்ட சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீடு 300 சதுர அடி; செலவு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30 ஆயிரம் ரூபாய் ஐந்து சோலார் விளக்குகளுக்கு. மழைநீர் சேகரிப்பு வசதியும் வரைபடத்தில் இருந்தது. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள் இலக்கு.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சோலார் விளக்கின் பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? அதுவும் 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். நாலு விளக்கு, ரெண்டு ஃபேன் ஓடுகிற வீட்டுக்குக் கரண்ட் பெரிய கவலை இல்லை. கரிசக்காட்டுச் சின்ன வீட்டின் கவலைகள் வேறு: மண், தண்ணீர், வெக்கை.

மண் ஆடும், சுவர் பிளக்கும்

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த ஆட்டம் வருஷா வருஷம் நடக்கிறது. மேலோட்டமாகக் கடைக்கால் போட்டால், கட்டிய சில ஆண்டுகளிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடமே மண்ணைப் பார்க்காமல் போட்டது.

இதற்கு வழி பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது: பருவத்துக்குப் பருவம் ஆடாத ஆழம் வரை, பொதுவாக 3.5 மீட்டர் அளவில், துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி விரித்துக் கான்கிரீட் நிரப்பிய தூண்கள். மேலே ஒரு பீம், அதற்கும் மண்ணுக்கும் நடுவே சின்ன இடைவெளி. மண் உப்பினாலும் வீட்டைத் தூக்காது.

குழி வேண்டாம், தொட்டி வேண்டும்

2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நடைமுறையில் அது பெரும்பாலும் சுவரோரம் ஒரு உறிஞ்சு குழி என்றாகிவிட்டது. மணல்பாங்கான ஊருக்கு அது சரி. கரிசல் மண் ஒருமுறை நனைந்துவிட்டால் தண்ணீரை எளிதில் கீழே விடாது. கடைக்காலுக்குப் பக்கத்தில் தேங்கும் தண்ணீர், மண்ணை இன்னும் உப்ப வைக்கும். நல்லது செய்யப்போய் வீட்டுக்கே கேடு.

இங்கே தேவை சேமிப்புத் தொட்டி. கணக்கு இதுதான். 360 சதுர அடி என்பது சுமார் 33 சதுர மீட்டர். ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கூரையில் விழுவது கிட்டத்தட்ட 20 ஆயிரம் லிட்டர். வழிந்தது, ஆவியானது போக 16 ஆயிரம் லிட்டர் கையில் நிற்கும். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால், நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர், அதாவது ஒரு கேன். ஒரு 5,000 லிட்டர் தொட்டி 250 நாளைக்கு வரும். மார்கழியில் நிரம்பிய தொட்டி ஆவணி வரை தாங்கும். நடுவில் கோடை மழை பெய்தால் ஐப்பசி வரைக்கும் இழுத்துவிடலாம். கேன் 30 ரூபாய் என்றால் மிச்சமாவது 7,500 ரூபாய்.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் இதையே நிலத்தடித் தொட்டியாகக் கட்டுகிறார்கள். வெடிக்கும் மண்ணில் அது வேண்டாம். தரைக்கு மேலே கம்பிவலை வைத்துச் சிமென்ட் பூசிய தொட்டி போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் மரக்கரியும் போட்ட வடிகட்டி வழியாகப் பிடிக்க வேண்டும். கரிமூட்டம் போடுகிற ஊரில் கரிக்கா பஞ்சம்!

கழிப்பறைக் குழிக்கும் இதே கதை. கரிசல் மண் கழிவுநீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். குழியைப் பெரிதாக்கி, சுற்றிலும் ஒரு அடி மணல் நிரப்பாவிட்டால் மழைக்காலத்தில் பொங்கும். குளித்த தண்ணீரை அதில் விடாமல் முருங்கைக்கும் வாழைக்கும் திருப்பினால், குழிக்கும் பாரம் குறையும், குழம்புக்கும் காய் கிடைக்கும்.

வெக்கைக்கு என்ன வழி?

சித்திரை வெயிலை நாள் முழுக்க வாங்கிய கான்கிரீட் கூரை, ராத்திரி வீட்டுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் இது தூக்கத்தின் பிரச்சினை, உடம்பின் பிரச்சினை. கூரைக்கு வெள்ளை அடிப்பது, மேற்குச் சுவரை மறைத்து ஒரு தாழ்வாரம், எதிரெதிர் ஜன்னல், ஒரு வேம்பு. இவ்வளவுதான். இதில் எதற்கும் பேட்டரி வேண்டாம்.

காசு யார் தருவது?

'ஏற்கெனவே 3.5 லட்சத்தில் வீடு முடியவில்லை. இதில் தூணும் தொட்டியுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயனாளிகள் கடன் வாங்கித்தான் மீதியை முடிக்கிறார்கள். அவர்கள் தலையில் இன்னும் ஏற்ற முடியாது.

ஆனால் முன்னுதாரணம் இருக்கிறது. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கும் சிரமமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்று வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். மலையில் கட்டுவது கஷ்டம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெடிக்கும் மண்ணில் கட்டுவதும் கஷ்டம்தானே? விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், அந்தப் பக்கம் அருப்புக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களுக்கு, கடைக்காலுக்கும் தொட்டிக்கும் என்று தனியாகக் 'கரிசல் கூடுதல் தொகை' ஒன்று ஒதுக்குவது முறையான கோரிக்கை.

2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது மாநில அரசின் இலக்கு. அதில் கரிசலுக்கு வர வேண்டிய பங்கு இன்னும் முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. வரைபடத்தை மாற்ற வேண்டுமானால் இப்போதே மாற்ற வேண்டும். சுவர் எழும்பிய பிறகு கடைக்காலைத் திருத்த முடியாது. கிராமசபையில் வீட்டுப் பட்டியல் வாசிக்கும்போது, 'என் பேர் இருக்கா?' என்று கேட்பதோடு, 'எங்க மண்ணுக்கு என்ன கடைக்கால், தண்ணித் தொட்டி உண்டா?' என்றும் கேளுங்கள்.