எண்பதைக் காப்பியடிக்கலாமா?



நம் புகைப்பட மன்றத்தில் எல்லோரும் காசு போட்டு மூன்று ஸ்லைடு பிலிம் ரோல் வாங்கியிருக்கிறோம். கோடக் எக்டாக்ரோம் இ100. ரோலுக்கு 36 வீதம் மொத்தம் 108 படம். விளையாட்டு விழா, ஆண்டு விழா இரண்டுக்கும் இதுதான். கேமராவில் ஐஎஸ்ஓ எண்ணை எதில் வைப்பது என்று இப்போது மன்றத்தில் ஒரே வாக்குவாதம். "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் 80-லதான் வைப்பாங்களாம், நாமளும் அதையே வைப்போம்" என்கிறது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஸ்லைடு என்றால் என்னன்னு பார்ப்போம். சாதாரண நெகட்டிவில் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பிரிண்ட் போடும்போது சரி செய்துகொள்ளலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் இருந்த அந்த பிலிமேதான் படம். வெளிச்சம் அதிகமாகிவிட்டால் அந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அங்கே இருந்ததை அப்புறம் யாராலும் கொண்டுவர முடியாது. பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரிதான்!

இந்த 80 எங்கிருந்து வந்தது? கோடாக்ரோம் 64 என்று ஒரு பிலிம் இருந்தது. 2009-ல் கோடாக்ரோம் தயாரிப்பை நிறுத்துவதாகக் கோடக் அறிவித்தது. அதைக் கழுவிக்கொடுத்த கடைசி லேப் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. அவர்களும் 2010 இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்த 64 பிலிமைப் பலர் 80-ல் வைத்து எடுத்தார்கள். வெளிச்சம் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையும், நிறம் அடர்த்தியாக வரும்.

இப்போ யோசிங்க. நம்ம பிலிம் 100. இதை 80-ல் வைத்தால் வெளிச்சம் குறையாது, மூன்றில் ஒரு ஸ்டாப் கூடும்! எண் ஒன்றுதான், பலன் நேர் எதிர். ஃபியூஜி வெல்வியா 50-ஐப் பலர் 40-ல் வைப்பதும் உண்மைதான். அது கான்ட்ராஸ்ட் மிகுந்த பிலிம், நிழல்கள் சட்டென்று கருத்துவிடும் என்பதால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுகிறார்கள். நம் விளையாட்டு விழாவோ உச்சி வெயிலில் நடக்கும். வரிசையாக வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள். அங்கே வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டையின் மடிப்பு, பாக்கெட் எல்லாம் போய்விடும். அதனால் வெயிலுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் 100-தான் நல்லது என்பது என் கருத்து.

"அப்போ சாயங்காலம் ஆண்டு விழா மேடைக்கு மட்டும் 200-க்கு மாத்திக்கலாமே" என்று இன்னொரு யோசனை. டிஜிட்டல் கேமராவில் படத்துக்குப் படம் மாற்றலாம். பிலிமில் கேமராவின் எண்ணை மாற்றுவது பாதி வேலைதான், மீதி கழுவுவதில் இருக்கிறது. இ-6 என்னும் முறையில் முதல் டெவலப்பரில் 38 டிகிரி சூட்டில் 6 நிமிடம் வைப்பார்கள். 100 பிலிமை 200 என்று எடுத்தால் படம் இருட்டாக வரும். அதை ஈடுகட்ட முதல் டெவலப்பரில் சுமார் 8 நிமிடம் வைக்க வேண்டும். இதைத்தான் 'புஷ்' என்கிறார்கள். ரோல் முழுவதும் ஒரே தொட்டியில்தான் இறங்கும். பாதி 100, பாதி 200 என்று எடுத்தால் ஏதாவது ஒரு பாதி கட்டாயம் வீண். புஷ் செய்வதற்கும் விலை உண்டு. கருப்பு கொஞ்சம் வெளிறும், புள்ளிகள் பெருக்கும், நிறமும் லேசாக மாறலாம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். இரண்டு ரோல் பகலுக்கு, 100-ல், சாதாரணமாகக் கழுவ. ஒரு ரோல் மேடைக்கு, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை 200. அந்த டப்பா மேல் "புஷ் 1" என்று மார்க்கரில் எழுதி, லேபுக்கும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். நம்ம ஊரில் ஸ்லைடு கழுவும் லேப் இல்லை, கூரியரில்தான் போகும். கூடவே போய்ச் சொல்ல ஆள் கிடையாது.

80 கட்சிக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பகல் ரோல் ஒன்றில் மூன்றே மூன்று படம் ஒதுக்குவோம். ஒரே மைதானம், அதே வெள்ளைச் சட்டை, 80, 100, 125 என்று எடுப்போம். கழுவுவது ஒரே மாதிரி என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஸ்லைடு வந்ததும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம். 80-தான் அழகு என்று தெரிந்தால் அடுத்த முறை அதையே வைப்போம், நானும் கை தூக்குவேன். அது நாமே போட்ட கணக்காக இருக்கும், பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதியதாக இருக்காது.

உங்கள் கருத்தைக் கீழே விட்டிருக்கும் இடத்தில் எழுதுங்கள். பென்சிலில் வேண்டாம், பேனாவில்!

— புகைப்பட மன்ற உறுப்பினர், 11-ஆம் வகுப்பு