எழுத்து மாற்றமும் இடவொதுக்கீடும்

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். எவ்வெழுத்துக்கு எவ்வெண் என வகுப்பது குறிமுறை. குறிமுறைகள் பலவாதலின், ஓரெழுத்துக் கொள்ளும் இடமும் பலவாம். 1992-ஆம் ஆண்டில் கென் தாம்ஸன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்த யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்கும். நமது அகரத்துக்கோ மூன்று பைட்டு வேண்டும்.

தரவுத்தளமானது ஒரு குறிமுறையிலுள்ள உரையை மற்றொன்றாக மாற்றுமிடத்து, விடை எவ்வளவு நீளுமென்பது முன்னரே தெரியாது. ஆகலின் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், மூலவுரையின் நான்கு மடங்கு நினைவிடத்தை முற்பட ஒதுக்கி வந்தது. சிற்றுரைக்கு இது தக்க முன்னெச்சரிக்கையே. ஆயின் அங்கே ஒருமுறையில் ஒதுக்கத்தக்க இடத்துக்குச் சாதாரணமாக ஒரு கிகாபைட்டே எல்லை. எனவே அதன் காற்பங்கை, அதாவது சுமார் 27 கோடி பைட்டைக் கடந்த உரை, ஒரு பைட்டேனும் நீளாத வெறும் ஆங்கிலமாயினும், மாற்றப்படாது மறுக்கப்பட்டது. இதனால் விளைந்த தீங்கு யாது? தன் குறிமுறையிலேயே வந்த பேருரையைத் தடையின்றி ஏற்ற களஞ்சியம், வேறு குறிமுறையிற் கேட்ட உடையவனுக்கு அதனைத் திருப்பித்தர இயலாது நின்றது. கொடுத்த பொருளை மீட்கவொண்ணாத களஞ்சியத்தை யார் நம்புவர்?

நான்கை இரண்டாகக் குறைத்தால் என்னையெனச் சிலர் வினவலாம். ஒதுக்கிய இடம் போதாவிடின் எழுத்து எல்லை கடந்து அயலிடத்துத் தரவை அழிக்கும். அது மறுப்பினும் கொடிது. முதலில் அளந்து, பின்னர் மாற்றலாமெனின், ஒரே உரையை இருமுறை படிக்கக் காலம் வீணாகும்.

2019-ஆம் ஆண்டில் அத்தரவுத்தளத்தார் கண்ட வழியே சிறந்ததென்பது எம் துணிபு. நான்கு மடங்கை அவர் கைவிட்டிலர். மாற்றும் பொழுதுக்கு மட்டும் பேரிடம் பெற அனுமதித்தனர். மாற்றி முடிந்தபின் விடையை அளந்து, அது ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கின் ஏற்றனர். மூலவுரை பத்து இலட்சம் பைட்டை மிஞ்சியதாயின், எஞ்சிய இடத்தையும் உடனே திரும்ப ஒப்படைத்தனர்.

நேரக்கூடியதை எண்ணி இடம் ஒதுக்குக; நேர்ந்ததை அளந்தே தீர்ப்புச் செய்க. மென்பொருள் இயற்றப் புகும் நம் மாணவர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்காதிருப்பாராக. ஓரெழுத்துக்கு மூன்று பைட்டேனும் வேண்டும் தமிழுரையைக் கையாள்வார்க்கு இவ்வறிவு இன்றியமையாததாம்.