பின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

மொன்ரியாலில் லாரி ஓட்டும் என் தங்கை மகன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். லாரியின் முன் பம்பரில் சின்னதாக ஒரு வட்ட மூடி. அதைத் திறந்தால் உள்ளே மூன்று பின். "மாமா, நானே ஓட்டை போட்டு மாட்டினேன்" என்று பெருமையாக எழுதியிருந்தான். வேப்பனப்பள்ளியில் அதைப் பார்த்த நண்பர்கள் சிரித்தார்கள். டீசல் வண்டிக்கு எதற்கய்யா கரண்டு என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். நம் ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் போதும். அங்கே ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகிற இரவுகள் உண்டு. அந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் பாகு போலக் கெட்டியாகிவிடும். பேட்டரியின் வேகம் குறைந்துவிடும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சில்லிட்டுப்போன இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டால் வண்டி கிளம்பாது.

அதற்காக இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு சிறிய ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். வாளியில் போட்டு வெந்நீர் வைக்கிறோமே, அந்த ராடின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இப்படியொரு ஹீட்டருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். வின்னிபெக், எட்மன்டன் போன்ற ஊர்களில் வண்டி நிறுத்துமிடத்திலேயே ப்ளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். மருமகன் அனுப்பிய விளக்கத்தாளில் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலத்தைவிட அது சுலபம். 'ஷோஃப் மொத்தேர்' என்று போட்டிருந்தார்கள். இன்ஜின் சூடாக்கி, அவ்வளவுதான்.

வழக்கமாக இந்த ஹீட்டரின் ஒயர் வண்டியின் முகப்பிலிருந்து வெளியே தொங்கும். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அதன் பின்களை அரித்துவிடும். காலையில் ஒயரைக் கழற்ற மறந்து வண்டியை எடுப்பவர்களும் உண்டு. சுவரோடு ஒயர் பிய்ந்து வரும். அதனால்தான் பம்பரில் அளவாக ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, மூடி போட்ட பின்பெட்டியைச் சமமாகப் பதிக்கிறார்கள். உள்ளே ஒயர், புகைக்குழாயையும் ஃபேன் பெல்ட்டையும் தொடாமல் போகவேண்டும். பெரிய லாரி ஹீட்டர் 1500 வாட் இருந்தால், அங்குள்ள 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயர் தாங்காது. எர்த் கட்டாயம் வேண்டும்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் பின் வண்டியின் பக்கம் இருக்கிறது. கரண்டு கொண்டுவரும் ஒயரின் முனையில் துளைகள்தான். ஒயர் கழன்று கீழே விழுந்தாலும் கையில் படும்படி உயிருள்ள உலோகம் வெளியே இல்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஒயர் தனியாகக் கழலும் ரைஸ் குக்கரைப் பாருங்கள், அதே முறைதான். கரண்டு தருகிற பக்கம் துளை, வாங்குகிற பக்கம் பின்.

நம் ஊரில் இந்த முறையைத் தலைகீழாக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. கரண்டு போனால் ஜெனரேட்டர் வாடகைக்கு வரும். கூடவே இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டிய ஒரு ஒயரும் வரும். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறுமுனையை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் செருகிவிடுவார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாண வீட்டில், கழன்று கிடந்த அந்த முனையை ஒரு சிறுவன் எடுத்தான். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் விரல் சுட்டதோடு பிழைத்தான். மறுநாளும் அதே ஒயர்தான் ஓடியது.

ஆபத்து அந்த வீட்டோடு நிற்பதில்லை. மெயினை அணைக்க மறந்தால் ஜெனரேட்டர் கரண்டு தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட் வரைக்கும் ஏற்றக்கூடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிர், யார் வீட்டிலோ ஒருவருடைய ஞாபகசக்தியை நம்பி நிற்கிறது.

"ஒரு நாள் விசேஷத்துக்கு இவ்வளவு பார்க்கணுமா சார்?" என்று கேட்கிறார்கள். கனடாவில் ஒரு லாரிக்காரன், தன் ஒரு வண்டிக்காக, குளிரில் நின்று பம்பரில் ஓட்டை போடுகிறான். நம் பக்கம் ஆண்டுக்கு எத்தனை விசேஷம், எத்தனை மின்தடை! வீட்டு வெளிச்சுவரில் மூடி போட்ட ஒரு பின்பெட்டியும், உள்ளே மெயினையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்சும் இருந்தால் போதும். கல்யாணச் சமையல் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அல்ல.

ஓசூரில் அசோக் லேலண்ட் லாரி தயாராகிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். பாதுகாப்பான இணைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்த தொழிலாளர்கள் நம் மாவட்டத்தில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். ஆலைக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவர அவர்கள்தான் முன்வரவேண்டும். வாடகைக்கு விடுபவர்கள் இரண்டு பக்கமும் ப்ளக் உள்ள ஒயரைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் நாம் வாங்கக்கூடாது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் சுருட்டி வைத்திருந்தால், இன்றைக்கே ஒரு முனையை வெட்டிவிடுங்கள்.