இடமில்லை என்ற பதில்

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மருந்து கையாளும் அறைகள் கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி, தனித்தனியே நிற்கும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்பது விதி. ஒரு நாள் தவறு நேரும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதி அது. இயங்குதளத்தின் கெர்னலை எழுதுகிறவர்களுக்கும் முதல் பாடம் இதுவே என்பேன்.

நினைவகம் கேட்டால் கிடைக்காமலும் போகலாம். சாதாரண நிரல் அப்போது மூடிக்கொண்டு போய்விடலாம். கெர்னல் விழுந்தால் எல்லாமே விழும். ஆகவே வெறுங்கையோடு திரும்பினோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் அதுவரை பெற்றவற்றை எதிர்வரிசையில் திருப்பித் தந்து, பூட்டுகளை விடுவித்து, அழைத்தவரிடம் தோல்வியைச் சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பாதையில் யாரும் நடந்து பார்ப்பதில்லை. லினக்ஸ் கெர்னல் சிறிய கோரிக்கைகளைப் பெரும்பாலும் மறுப்பதே இல்லை, கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கிறது என்பது 2014 இறுதியில் பெரும் விவாதமாயிற்று. கேட்டவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, நினைவகத்தை விடுவிக்க வேண்டியவர் அதே பூட்டுக்காகக் காத்திருந்தால் இருவரும் அசைய முடியாது. சரி, மறுக்கட்டும் என்றால் அதற்கும் அச்சம்: எழுதிவைத்த தோல்விப் பாதைகளில் எத்தனையோ ஒருமுறைகூட ஓடாதவை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மீறிய ஆட்களும் மருந்தும் அங்கிருந்ததாகச் செய்திகள் கூறின. விதி இருந்தது. இனி இடமில்லை என்ற பதிலை மதிக்கத்தான் ஆளில்லை.

உயிரையும் நிரல் வரியையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் மருத்துவக் கருவிகளுக்குள்ளும் இன்று கெர்னல் ஓடுகிறது என்பதை மறக்கலாகாது.

செய்யக்கூடியவை இரண்டு. திரும்ப முடியாத இடத்தில் நுழையுமுன்பே வேண்டியதைக் கையில் எடுத்துக்கொள்வது ஒன்று. வேண்டுமென்றே மறுத்துப் பார்ப்பது மற்றொன்று; அதற்கான வசதி 2007இல் வெளியான லினக்ஸ் 2.6.20 முதல் இருக்கிறது. பயன்படுத்தாதவர்களே அதிகம் என்பது என் ஐயம்.

கதவு வைத்தால் மட்டும் போதாது. தீப்பிடிக்காத ஒரு நாளில் அதைத் திறந்தும் பார்த்திருக்க வேண்டும்.