அவிழ்த்து விட்டால் ஆயிற்றா?

குதிரையை லாயத்தில் அடைக்காமல் இரவும் பகலும் வெளியில் விடுவதுதான் அதற்கு நல்லது என்று நான் சொன்னால், என் வகுப்பில் பாதிப் பேர், "அப்போ ஊட்டிக் குதிரைங்க எல்லாம் கொடுத்து வச்சதுங்க" என்கிறார்கள். இல்லவே இல்லை என்பது என் கட்சி. பி.காம். படிக்கிறவனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கவும் :-)

முதலில் குதிரையின் வயிறு. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நமக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு 24 மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சிலோ மென்றால்தான் ஊறும். ஆக, நாளில் 14, 16 மணி நேரம் மெல்ல மெல்ல மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு அது. காலையில் ஒரு வேளை கொள்ளு, சாயங்காலம் ஒரு வேளை கொள்ளு, நடுவில் கட்டுத்தறி என்று வைத்தால் வயிற்றில் புண் வரும். வயிற்று வலி வந்தால் வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. அடைத்துப் போட்ட குதிரைகள் மரக்கட்டையைக் கடிப்பதும், நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடுவதும் திமிர் இல்லை. வேறு வேலை இல்லாத வேதனை.

அதனால் வெளியில் விட வேண்டும், சரி. எங்கே விடுவது?

போன வருஷம் நண்பர்களோடு ஊட்டி போயிருந்தபோது, ராத்திரி பத்து மணிக்கு ஒரு மட்டக்குதிரை குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு எதையோ மென்றுகொண்டிருந்தது. பகலெல்லாம் ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்திருக்கும். வாடகை வசூலாகி முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து, "போய்ச் சாப்பிட்டுக்கோ" என்று ரோட்டில் விட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பையும் கெட்டுப்போன சோறும்தான் மேய்ச்சல். பஸ் வந்து இடித்தால் விதி. நகராட்சி பிடித்து அபராதம் போடுவதும், கட்டிவிட்டு மீட்டு வந்து மறுபடி அவிழ்த்து விடுவதும் அங்கே பழகிப்போன கதை. கணக்குப் பாஷையில் சொன்னால், லாபம் உரிமையாளர் கணக்கில், செலவு ஊர் கணக்கில்.

ரோட்டை விட்டுப் புல்வெளிக்கே போனாலும் எல்லாம் சரியாகிவிடாது. நீலகிரியில் பார்க்கிற இடமெல்லாம் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கிறதே, அதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிகுயு புல். மாட்டுக்கு அருமையான தீனி. குதிரைக்கு அது மட்டுமே மாதக்கணக்கில் கிடைத்தால் ஆபத்து. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். நொண்ட ஆரம்பிக்கும், போகப்போக முகத்தெலும்பு வீங்கும். கூடவே நிறையத் தவிடு வைத்தால் இன்னும் மோசம், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். வேறு வகை உலர்புல் கலந்து கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கால்சியமும் கொடுத்தால் தடுத்துவிடலாம். பச்சையாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தப் பாராவை நீட்டினேன்.

அப்புறம் புழு. சாணத்தோடு வெளியே வரும் முட்டை பொரிந்து குஞ்சுப் புழு புல்லில் ஏறும். இடம் தாராளமாக இருந்தால் குதிரை சாணம் போட்ட பக்கம் மேயாது. நெருக்கடியான இடத்தில் வேறு வழியில்லாமல் அதையே தின்னும். வாரம் இரண்டு முறை சாணத்தை அள்ளினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கண்டபடி மருந்து கொடுத்தால் புழுவுக்கு அது பழகிவிடும். சாணத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுப்பதே முறை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட வேண்டும். துணைக்கு இன்னொரு குதிரை கட்டாயம், தனிக்குதிரை நிம்மதியாகப் படுத்துத் தூங்காது. ஊட்டிக் குளிரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், காய்ந்த ரோமம் அதைத் தாங்கும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது ஒதுங்க ஒரு கூரை மட்டும் வேண்டும்.

"இதுக்கெல்லாம் நிலத்துக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. பிரிட்டனில் ஒரு குதிரைக்கு ஒன்று, ஒன்றரை ஏக்கர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஊட்டி நில விலையில் அது நடக்காது, சோலைப் புல்வெளியைக் கேட்பதும் தப்பு. ஆனால் நிலம்தான் குதிரைக்குச் சோறு போட வேண்டும் என்று யார் சொன்னது? வேலி போட்ட பொது இடம், தண்ணீர்த் தொட்டி, நாலைந்து மூலைகளில் உலர்புல். நடக்கவும் மெல்லவும் கூட்டாளியோடு நிற்கவும் அது போதும். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்புல் ஆகும். ஒரு சவாரிக்கு 20 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், நாளைக்குப் பத்து சவாரிக்கு 200 ரூபாய். சீசனில் சேர்ப்பதை மழைக்காலத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிற சமாசாரம் இது.

அந்த 20 ரூபாயை நம்மிடம்தான் கேட்பார்கள். தாராளமாகக் கேட்கட்டும். பதிலுக்கு நாமும், ஏறி உட்காருவதற்கு முன்னால், "அண்ணா, ராத்திரி இதை எங்கே விடுவீங்க?" என்று கேட்போம்.